வழுக்கைத் தலையரின் சீப்பு

அத்தியாயம் 6

என் மேசைமேல் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்த பாதுகாப்புக் காவலர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். களவுபோன நகையை மீட்டுக் கொடுத்தவர்போல முகத்தில் ஒரு களை.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் பழத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது இல்லீங்க. தலை வாருற சீப்பு."

அவர் தலையில் வாருவதற்கு ஒன்றும் இல்லை. காதுக்கு மேலேகூட இல்லை. விளக்கு வெளிச்சம் பட்டு மண்டை பளபளவென்றிருந்தது.

காவலரின் முகம் சுருங்கிவிட்டது. "வழுக்கைத் தலை ஆளு வந்து சீப்பு காணோம்னா நான் என்னன்னு நினைப்பேன் ஏட்டையா. பழம்னுதான் நினைச்சேன். இவர் சம்சாரத்தையும் கேட்டேனே, காயா பழமான்னு. நல்லாப் பழுத்ததுன்னாங்க. சரி, தூக்கிப் போட்டிருப்பாங்கன்னு சாப்பாட்டுக் குப்பைத் தொட்டி பூரா கையை விட்டுத் துழாவி எடுத்தேன்."

"கையைக் கழுவினீங்களா?" என்றான் என் மச்சான்.

நான் போலீசில் ஏட்டாக இருந்து வெளியே வந்தவன். இந்த விமான நிலையத்தில் தொலைந்த பொருள் அறை என் பொறுப்பு. தொலைந்தது வந்து சேர்ந்தால் வாங்கி வைக்க வேண்டும். வராவிட்டால் தேடிப் போக வேண்டும். கூட ஒத்தாசைக்கு என் மனைவியின் தம்பி இருக்கிறான். வாய் மூடவே மூடாது. அதனால் எல்லோரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அறையில் குளிர்சாதனம் செத்துப்போய் ஒரு வாரம். சுற்றிலும் அலமாரி. குடை, தொப்பி, ஒற்றைச் செருப்பு, ஒரு ஜோடி ஊன்றுகோல். ஊன்றுகோலை மறந்துவிட்டு ஒருவன் நடந்தே விமானம் ஏறிப் போயிருக்கிறான், இந்த இடம் வைத்தியமும் பார்க்கிறது அத்தான் என்று ரேடியோ தினம் ஒருமுறையாவது சொல்வான். அன்றைக்குச் சொல்லவில்லை. பெரியவர் காலிச் சட்டைப் பையை மறுபடி மறுபடி தடவியதை அவனும் பார்த்துவிட்டான்.

பெரியவர் லாரி ஓட்டியவர். பக்கத்தில் அவர் மனைவி. தலையை மூடிச் சால்வை போர்த்தி, தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"சீப்புல என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

"என் பையனோடது. வெளிநாட்டுல கட்டட வேலைக்குப் போனான். தங்கியிருந்த கொட்டகை தீப்பிடிச்சுக்கிச்சு. உள்ள இருந்தவங்க யாரு எவருன்னு முகம் தெரியலை. அவன் தலைமுடி கொண்டுவந்தா ஒத்துப் பார்த்துச் சொல்றோம்னாங்க. அந்தச் சீப்புல அவன் முடி இருக்கு."

"உங்க ரத்தத்தை எடுத்துப் பார்த்தாலே தெரிஞ்சிடுமே பெரியவரே," என்றான் ரேடியோ.

லாரிக்காரர் மனைவி பக்கம் ஒருதரம் திரும்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவன் நாங்க பெத்தவன் இல்லை தம்பி. கைக்குழந்தையா எடுத்து வளர்த்தோம். எங்க ரத்தம் எதுக்கும் ஆகாது."

"சட்டை, தலையணை, அது மாதிரி எதுவும் இல்லையா?"

"இவ எல்லாத்தையும் துவைச்சுட்டா. சேதி வந்ததும் பித்துப் பிடிச்ச மாதிரி ஆயிட்டா. சட்டை, துண்டு, தலையணை உறை, ஒண்ணு விடாம வெந்நீர்ல அலசிப் போட்டுட்டா. சீப்பு மட்டும் என் சட்டைப் பையில இருந்ததால தப்பிச்சது. அவன் கிளம்பின அன்னைக்குக் கண்ணாடிகிட்ட விட்டுட்டுப் போயிட்டான். அன்னையிலிருந்து நான்தான் வெச்சிருக்கேன். தலையில முடி இல்லாதவன்கிட்ட இருந்தா யாரும் எடுத்து வாரிக்க மாட்டாங்கல்ல."

சோதனைக்கு வரும்போது அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தாராம். மருந்துக்கடையில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் உறை, பச்சைச் சிலுவை அச்சடித்தது. பெல்ட், கடிகாரம், போன் இவற்றோடு தட்டில் வைத்துவிட்டு ஆண்கள் வரிசையில் போனார். அந்தப் பக்கம் தட்டு வந்தபோது மற்ற எல்லாம் இருந்தன. சீப்பு இல்லை.

"மதிய விமானத்துல ஏறியாகணுங்க. நாளைக்கு அடையாளம் தெரியாததை எல்லாம் ஒரே குழியில போட்டு மூடப் போறாங்க."

மேசை போன் அடித்தது. மேலாளர். "ஏட்டு, ஒரு சீப்புக்கு என்னய்யா அமர்க்களம். கடையில புதுசா ஒண்ணு வாங்கிக் கொடுத்து ஏத்தி விடு."

"சரிங்க," என்று வைத்தேன். நான் செய்யப்போகாத வேலைக்கெல்லாம் சரிங்க என்றுதான் சொல்வேன்.

சோதனைக் கூடத்தில் ஜனம் நெரிந்தது. ஒருவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருத்தி தண்ணீர்க் குப்பியை விட மனமில்லாமல் அங்கேயே குடித்துக்கொண்டிருந்தாள்.

என் சந்தேகம் முதலில் தட்டு தள்ளுகிறவன்மேல்தான் போனது. எனக்கு யாரையும் நம்பும் பழக்கம் இல்லை. சிரித்த முகமாக இருப்பவனைக் கொஞ்சம்கூட நம்பமாட்டேன். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். ஓரமாகக் கூப்பிட்டுப் பையைத் திருப்பச் சொன்னேன். மிட்டாய்த்தாள் ஒன்று விழுந்தது.

"நான் சீப்பெடுத்து என்ன பண்ணப்போறேன் ஏட்டையா?" அவன் சிரிப்பு போய்விட்டது.

"விடுங்க அத்தான்," என்றான் ரேடியோ. "அவன் தலையைப் பாருங்க. சீப்பைக் கண்ணால பார்த்தே வருஷக்கணக்கா ஆகுது."

பெண்களைச் சோதிக்கும் அம்மாளிடம் ரேடியோவை அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"சீப்பு பத்தி ஏதாவது தெரியுமான்னு கேட்டேன். பழம் கொண்டுபோறதுக்கு இங்க தடையே இல்லைன்னு கத்துது. மீசைக்காரர் கூடம் பூரா பழக் கதையைப் பரப்பி வெச்சிருக்கார்."

"தலை வாருறதுன்னு சொன்னியா?"

"சொல்றதுக்குள்ள ஒரு கூட்டம் வந்துடுச்சு. அந்தம்மா திரைக்குள்ள போயிட்டாங்க."

காலியான தட்டுகள் இயந்திரத்துக்கு அடியிலேயே உருளைமேல் ஓடி முன்பக்கம் வந்து சேரும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். அடியில் எது ஒட்டிக்கொண்டாலும் மேல்தட்டு மூடிவிடும். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. எத்தனையோ சாமான் அப்படிச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். சீப்பும் அப்படி இருக்கலாம் என்று எல்லாத் தட்டையும் பிரிக்கச் சொன்னேன்.

ரேடியோ சட்டையை மடித்துவிட்டு இறங்கினான். முதலில் குழந்தையின் காலுறை ஒன்று கிடைத்தது. பிறகு காதுக் கருவி. பிறகு ஒரு பல்செட்.

"பல்லைக் கழட்டித் தட்டுல வெச்சவன், அந்தப் பக்கம் போய் என் பல்லைக் காணோம்னு எப்படிச் சொல்லியிருப்பான் அத்தான்? பாவம், யாருக்கும் புரிஞ்சிருக்காது."

கடைசி அடுக்கில் கையை விட்டவன் எதையோ உரித்து எடுத்தான். தட்டின் அடியோடு அடியாக ஒட்டிக் கிடந்த பிளாஸ்டிக் உறை. காலி. மூலையில் பச்சைச் சிலுவை.

வாங்கிப் பார்த்தேன். அதன் வாய் திறந்திருந்தது. லாரிக்காரரிடம் காட்டலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. காட்டவில்லை. என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"சீப்பை எடுத்துட்டு உறையை விட்டுட்டுப் போயிருக்கான்," என்றான் ரேடியோ. "என்ன மாதிரித் திருடன் இவன். அவசரமாத் தலை கலைஞ்சிடுச்சோ."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அது உறுத்தியது. திருடுகிறவன் பொட்டலத்தோடு தூக்குவான். நின்று நிதானமாகப் பிரித்து, உள்ளே இருப்பதை மட்டும் எடுக்கமாட்டான்.

கேமரா அறைக்குப் போனோம். படத்தில் லாரிக்காரர் தட்டில் எல்லாவற்றையும் வைக்கிறார். உறை மேலே கிடக்கிறது. அவர் நகர்கிறார். மனைவி வருகிறார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து அதே தட்டின்மேல் போடுகிறார். இரண்டு கையாலும் சரிசெய்கிறார். தட்டு இயந்திரத்துக்குள் போய்விடுகிறது. அவர் தலைமுடியைக் கோதிக்கொண்டு பெண்கள் பக்கம் போகிறார்.

"வேற யாரும் கிட்டக்கூட வரலையே," என்றான் ரேடியோ. "சீப்புக்குக் கால் முளைச்சுதா?"

"மச்சான், சீப்பை ஒளிச்சு வைக்கணும். யாரும் சந்தேகப்படக் கூடாது. எங்க வைப்பே?"

"பீரோவுல."

"இங்க பீரோ ஏதுடா?"

"அப்ப தலையிலதான். சீப்பு தலையில இருந்தா யாரு..." பாதியில் நிறுத்திவிட்டான். ரேடியோ தானாக நின்று நான் பார்த்ததே இல்லை.

என் அறை அடுப்பு மாதிரி இருக்கிறது. எல்லோரும் வியர்த்து வழிகிறோம். அந்தம்மா மட்டும் தலையை மூடிப் போர்த்தியிருக்கிறார். அதைக்கூடத் துக்கம் என்று விடலாம். விட முடியாதது அந்த வாழைப்பழம். காவலர் பழத்தை நினைத்துக் கேட்டார். சீப்பு எது என்று அந்தம்மாவுக்குத் தெரியும். இல்லையப்பா, தலை வாருவது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நல்லாப் பழுத்தது என்று சொல்லி அவரைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பியிருக்கிறார்.

அந்தச் சட்டைகளையும் நினைத்துப் பார்த்தேன். துவைத்தது பித்துப் பிடித்து இல்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது அந்தம்மா அறையில் இல்லை. கழிவறைக்குப் போனதாக லாரிக்காரர் சொன்னார். இது இரண்டாம் முறையாம். நான் நடையில் காத்து நின்றேன். பக்கத்தில் பெரிய கண்ணாடிச் சுவர். வெளியே வெயிலில் ஒரு விமானம் வாயைத் திறந்துகொண்டு பெட்டிகளை விழுங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தவர் என்னைக் கண்டதும் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அம்மா, காயா பழமான்னு காவலர் கேட்டப்போ நல்லாப் பழுத்ததுன்னு சொன்னீங்களாமே."

"கேட்டார். சொன்னேன்."

"சால்வையை எடுங்கம்மா."

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. சால்வை தோளில் சரிந்தது. நரைத்த கொண்டையில் ஒரு கறுப்புச் சீப்பு சொருகியிருந்தது. ஆண்கள் பையில் வைக்கிற சின்னச் சீப்பு. ஒரு பல் உடைந்திருந்தது.

"கொடுங்க."

உருவிக் கொடுத்தார். பற்களுக்கு நடுவே முடி சிக்கியிருந்தது. அத்தனையும் வெள்ளை.

"உங்க பையன் முடி எங்கம்மா?"

"தண்ணியில விட்டுட்டேன். விரலால ஒவ்வொண்ணா எடுத்து விட்டேன். அப்புறம் வெறும் சீப்பைப் பார்க்க மனசு வரலை. என் தலையை வாரிக்கிட்டேன்."

"எதுக்கும்மா இப்படி?"

"அவன் இருக்கான். அன்னைக்கு ராத்திரி வேற எங்கயாவது படுத்திருப்பான். போனைத் தொலைச்சிருப்பான். அவன் எதைத்தான் தொலைக்கலை. ஒத்துப் பார்த்து இவன்தான்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா அதோட முடிஞ்சிடும். சொல்லாத வரைக்கும் அவன் இருக்கான்." என் முகத்தை நேராகப் பார்த்தார். "நீங்க தொலைஞ்ச சாமான் பாக்கறவர்தானே. தொலைஞ்சதெல்லாம் செத்தா போயிடுது?"

ஸ்டேஷனில் எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டிருக்கிறேன். என்னைக் கேட்டவர்களுக்கும் சூடாகப் பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது சீப்பின் உடைந்த பல்லை விரலால் தடவிக்கொண்டு நின்றேன்.

பின்னால் காலடி நின்றது. லாரிக்காரர். எவ்வளவு நேரமாக அங்கே இருந்தார் என்று தெரியவில்லை. என் கையிலிருந்த சீப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"கறுப்பு ஒண்ணுகூட இல்லையே," என்றார்.

அந்தம்மா சுவரில் சாய்ந்துகொண்டார்.

அவர் கத்துவார், கையை ஓங்குவார் என்று நான் நடுவில் போய் நின்றேன். அவர் கையை ஓங்கவில்லை.

"யாரும் இல்லாத குழந்தைன்னு சொல்லித்தான் அன்னைக்கு நம்ம கையில கொடுத்தாங்க. ஞாபகம் இருக்கா? நீதானே ரெண்டு கையையும் நீட்டி வாங்கினே. இப்ப யாரும் இல்லாத பொணம்னு சொல்லிக் குழியில தள்ளுவாங்க. அதுக்கா அவனை வளர்த்தோம்?"

அந்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாய் மட்டும் திறந்திருந்தது. ரேடியோ திரும்பி நின்று கண்ணாடி வழியாக விமானத்தைப் பார்த்தான்.

கேஸ் முடிந்தது. உறையையும் அவர்களிடமே கொடுத்துவிடலாம் என்று சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். வெயில் கண்ணாடி வழியாக அதன்மேல் விழுந்தது. பச்சைச் சிலுவைக்குக் கீழே, மூலை மடிப்பில், கோடு போட்டது மாதிரி ஏதோ தெரிந்தது. அச்சுப் பிசகு என்று நினைத்தேன். விரலால் தட்டினேன். கோடு அசைந்தது.

ஒரே ஒரு முடி. கறுப்பு.

லாரிக்காரர் இன்னும் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தரையிலிருந்த அந்தம்மாதான் முதலில் கண்டார். என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. இடமும் வலமுமாக, மெதுவாக, ஒரு குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி.

ஊதிவிட்டால் போதும். ஊதுவதற்கு எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. ஒரு முடி போதுமா என்பதே எனக்குத் தெரியாது. படித்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

உறையின் வாயை ஒட்டி லாரிக்காரர் கையில் வைத்தேன். "மூலையில பாருங்க," என்றேன். அதற்குமேல் அந்தம்மா பக்கம் நான் திரும்பவில்லை.

விமானத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. அவர்கள் என் அறைக்கு வருவதற்காகச் சோதனைக் கூடத்தைவிட்டு வெளியே வந்தவர்களாகையால் மறுபடியும் சோதனை. சட்டம் அப்படி. லாரிக்காரர் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார். உறையை அதன்மேல் வைத்தார். அந்தம்மா சீப்பை அவரிடமிருந்து வாங்கி மறுபடியும் கொண்டையில் சொருகியிருந்தார். இப்போது காவலர் விவரமாகிவிட்டார். அதையும் எடுத்துத் தட்டில் போடச் சொன்னார்.

ஆண்கள் வரிசை நீளமாக இருந்தது. பெண்கள் வரிசையில் ஆளே இல்லை.

அந்தம்மா அந்தப் பக்கம் போய்விட்டார். தட்டும் போய்விட்டது. லாரிக்காரர் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு எட்டி எட்டிப் பார்க்கிறார். காலையில் நடந்தது அப்படியே இன்னொரு தடவை நடக்கப்போகிறது.

எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "காலி உறையை எதுக்கு இவ்வளவு பத்திரமா வெச்சிருக்காங்க," என்றாள்.

அந்தம்மா உறையை எடுத்தார். கழிவறைக் கதவு அவருக்கு இடது பக்கம், கூப்பிடு தூரத்தில். அந்தக் கதவைப் பார்த்தார்.

"மச்சான், ஓடுடா," என்றேன்.

ரேடியோ ஓடவில்லை. "இருங்க அத்தான்," என்றான்.

அந்தம்மா நின்றார். எங்கும் போகவில்லை. உறையை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, ஜனம் இடித்துக்கொண்டு போகப் போக, நின்றார். லாரிக்காரர் கால்சட்டையைப் பிடித்தபடி வந்து சேர்ந்ததும் அவர் சட்டைப் பையைத் திறந்து, உறையை உள்ளே வைத்து, பொத்தானைப் போட்டார். சரியாக மாட்டியதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தார். பிறகு குனிந்து அவருடைய பெல்ட்டை எடுத்துக் கொடுத்தார்.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடிக்கவில்லை. முன்னும் பின்னுமாகப் போனார்கள். லாரிக்காரரின் மண்டை மட்டும் கூட்டத்துக்கு மேலே கொஞ்ச நேரம் தெரிந்தது.

நான் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். மேலாளர் போன் செய்தார். கிடைத்ததா என்றார். கிடைத்தது என்றேன். சபாஷ் என்றார்.

கொஞ்சம் பொறுத்து ரேடியோ வந்தான். கையில் அந்தச் சீப்பு.

"தட்டுலயே விட்டுட்டுப் போயிட்டாங்க அத்தான். அடிவழியா சுத்தி முன்னாடி வந்துடுச்சு."

"மறந்திருப்பாங்க."

"உறையை எடுத்தவங்க பக்கத்துல கிடந்த இதை மறப்பாங்களா?"

வாங்கினேன். பற்களில் அந்த வெள்ளை முடி அப்படியே இருந்தது. அலமாரியைப் பார்த்தேன். ஊன்றுகோலுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. தேடிக்கொண்டு வருகிறவர்களுக்காக வைக்கிற இடம் அது. எழுந்து போய் வைக்க எனக்குக் கால் வரவில்லை. மேசைமேல், வாழைப்பழத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

ரேடியோ இரண்டையும் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் காத்திருந்தேன். சொன்னால் தேவலை என்றிருந்தது.

அவன் சொல்லவில்லை.